ஏற்றிய உயரம் இறங்கட்டும்

வண்டி என்பது சுமை தாங்குவதற்காகத் தோன்றிய கருவி. மாட்டு வண்டி செய்த தச்சன், மாட்டின் தோள் உயரத்தையும் ஏற்றப்போகும் சுமையையும் போகவேண்டிய பாதையையும் நோக்கியே சக்கரத்தின் விட்டத்தையும் அச்சின் நிலையையும் வகுத்தான். அழகு வேண்டாமென்று இருந்தவனல்லன் அவன். அளவு கெட்டதை அழகென்று கொள்ளாதவன். அளவு மீறுவதன் கேட்டை உணர்த்த வந்த திருவள்ளுவரும், 'வலியறிதல்' என்னும் அதிகாரத்தில் வண்டியின் அச்சையே சான்றாக எடுத்துக்கொண்டார். இத்தகைய மரபில் வந்த நம்மவரிடையே, அளவைப் பற்றிய கவலையே இல்லாத வழக்கம் ஒன்று இன்று வேரூன்றி வருகிறது. தொழிற்சாலையிலிருந்து நேரான உயரத்தோடு வந்த பிக்கப் வண்டியை, ஆயிரக்கணக்கில் ரிங்கிட் செலவிட்டு அரையடி மேலே தூக்கிக்கொண்டு தெருவில் உலா வரும் வழக்கமே அது.

"எழுத்தாளர் சங்கத்துக் கட்டுரைத் தொகுப்பில் பட்டறைப் பேச்சுக்கு என்ன வேலை?" என்று கேட்பார் இருக்கலாம். குழந்தையின் உயிரோடு தொடர்புடைய எப்பொருளும் ஆசிரியன் பேசத்தக்க பொருளே. மேலும், சக்கரமும் அச்சும் ஒளியும் விசையும் தமிழில் எண்ணிப் பார்க்க முடியாதவை என்று நாமே ஒதுங்கிக்கொண்டால், நம் மாணவன் அறிவியலை எந்த மொழியில்தான் எண்ணுவான்?

நான் சொல்ல வந்தது இதுதான்: காட்டிலும் தோட்டத்திலும் உண்மையாக உழைக்கும் வண்டிகளை விட்டுவிடுவோம். மற்றப் பிக்கப்புகளில் பூட்டப்பட்டுள்ள உயர்த்துச் சாமான்கள் கழற்றப்பட வேண்டும். கழற்றுவதும் அரைகுறையாக இராமல் முறைப்படி முழுமையாக நடைபெற வேண்டும்.

உயரம் வந்த வழி

டெங்கில் வட்டாரத்து மக்களுக்குக் கரடுமுரடான பாதை புதிதன்று. லங்காட் ஆற்றுச் சமவெளியில் ரப்பரும் பின்னர்ச் செம்பனையும் செழித்த காலத்தில், செம்மண் பாதைகளே நம் நெடுஞ்சாலைகளாக இருந்தன. மழை பெய்தால் முழங்கால் சேறு. வெயில் அடித்தால் கண்ணை மறைக்கும் புழுதி. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய ஆங்கிலேயர்கள் 1921-இல் தொடங்கிய பிராங் பெசார் தோட்டமும், அதனை அடுத்த செட்ஜிலி, மேடிங்லி, கேலோவே தோட்டங்களும் அப்படித்தான் இருந்தன. அந்நிலத்தில் 1995-இல் புத்ராஜெயா எழத் தொடங்கியது. அத்தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தன. செம்மண் பாதை மறைந்தது. ஆறுவழிச் சாலை வந்தது.

பாதை மேடுபள்ளமாக இருந்த காலத்தில், தோட்டத்து லோரியையும் 'லேண்ட் ரோவர்' வண்டியையும் வந்த உயரத்திலேயே வைத்துக்கொண்டு நம் முன்னோர் வேலை பார்த்தனர். பாதை பளிங்குபோல் ஆன பிறகு, அவர்களுடைய பேரப்பிள்ளைகள் வண்டியை உயர்த்துகின்றனர்! இந்த முரண்பாட்டைச் சற்றே எண்ணிப் பாருங்கள்.

உயர்த்துச் சாமானுக்கென்று நேர்மையான இடம் ஒன்று உண்டு. சரவாக் மரவெட்டுப் பாதைகளிலும், சதுப்பு நிலத்துச் செம்பனைத் தோட்டங்களிலும், 1997 முதல் நம் நாட்டில் நடந்துவரும் மழைக்காட்டு வாகனப் போட்டியிலும் அது தேவைப்படும் கருவியே. அங்கே வண்டி மெல்ல ஊர்கிறது. எதிரே பள்ளிப் பிள்ளைகள் வருவதில்லை. காட்டில் பிறந்த அந்தத் தேவை, நகரத்துக்கு வரும்போது வெறும் கோலமாக மாறிவிட்டது. சேற்றைக் கண்டறியாத டயர்களும் கல்லில் உரசியறியாத இரும்புக் கம்பிகளுமாக அவ்வண்டிகள் பேரங்காடியின் நிறுத்துமிடத்தில் நிற்கின்றன.

கணக்கு என்ன சொல்கிறது?

உணர்ச்சியை ஒதுக்கிவிட்டுக் கணக்கைப் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்காக நான் கொள்ளும் அளவுகளை மாணவர்கள் எந்தப் பிக்கப்பிலும் அளந்து மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் பார்வை. ஓட்டுநரின் கண் தரையிலிருந்து 175 சென்டிமீட்டர் உயரத்திலும், வண்டியின் முன்மூடி விளிம்பு 120 சென்டிமீட்டர் உயரத்திலும் உள்ளன என்று கொள்வோம். இரண்டுக்கும் இடையே 2 மீட்டர். ஓட்டுநரின் பார்வைக்கோடு அந்த விளிம்பைத் தொட்டுக்கொண்டு கீழே சரிகிறது. கழன்ற காலணியை மாட்டிக்கொள்ளக் குனியும் சிறுமியின் உயரம் 60 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒத்த முக்கோணக் கணக்குப்படி வண்டியின் மூக்குக்கு முன்னால் ஏறத்தாழ 2.2 மீட்டர் வரை அவள் ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியமாட்டாள். வண்டியை 10 சென்டிமீட்டர் உயர்த்தினால் அந்த மறைவு 2.5 மீட்டருக்கு மேல் போகிறது. நிமிர்ந்து நிற்கும் முதலாம் ஆண்டுப் பிள்ளையின் உயரம் 115 சென்டிமீட்டர் என்றால், அப்பிள்ளையின் உச்சந்தலை மறையும் தூரம் 18 சென்டிமீட்டரிலிருந்து 55 சென்டிமீட்டராக, அஃதாவது மூன்று மடங்காகப் பெருகுகிறது. "நான் உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் எனக்கு எல்லாம் தெரியும்" என்பவர் இக்கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். தொலைவில் உள்ள லோரி நன்றாகத் தெரியும். காலடியில் உள்ள குழந்தை தெரியாது.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. அமெரிக்காவில் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கென இயங்கும் காப்புறுதிக் கழகம், வாகனங்கள் பாதசாரிகளை மோதிய ஏறத்தாழ 18,000 விபத்துகளை ஆராய்ந்து 2023 நவம்பரில் முடிவை வெளியிட்டது. முன்மூடியின் விளிம்பு 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வாகனங்கள், 30 அங்குலமோ அதற்குக் குறைவாகவோ உயரமும் சரிந்த முகப்பும் உடைய வாகனங்களைவிட, பாதசாரியின் உயிரைப் பறிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 45 விழுக்காடு மிகுதி என்பது அதன் முடிவு. காரணம் வெளிப்படை. தாழ்ந்த கார் மோதினால் அடி காலில் விழும். உயர்ந்த வண்டி மோதினால் மார்பிலும் தலையிலும் விழும். குழந்தைக்கோ எந்த வண்டி மோதினாலும் அடி மேலே விழுகிறது. இந்த நிலையில் இன்னும் உயர்த்துவது எவ்வகையில் அறமாகும்?

அடுத்தது நிலைப்பாடு. இடவலச் சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலத்தில் பாதியை, வண்டியின் எடைமையம் தரையிலிருந்து இருக்கும் உயரத்தால் வகுத்தால் கிடைக்கும் எண், அவ்வண்டி எவ்வளவு எளிதில் கவிழும் என்பதைக் காட்டும். அகலம் 150, எடைமைய உயரம் 70 சென்டிமீட்டர் என்றால் விடை 1.07. உயர்த்தியதால் எடைமையம் 8 சென்டிமீட்டர் மேலேறினால் விடை 0.96. பத்தில் ஒரு பங்கு உறுதி அப்போதே போய்விட்டது. பிக்கப் வண்டிகள் தொழிற்சாலை உயரத்திலேயே இவ்வகையில் எச்சரிக்கையோடு கையாளத்தக்கவை. சுவீடன் நாட்டு வாகன இதழொன்று, சாலையில் திடீரெனக் குறுக்கிடும் காட்டுமானைத் தவிர்க்க வண்டியைச் சட்டென வளைத்துத் திருப்பும் சோதனையை நடத்திவருகிறது. டொயோட்டா ஹைலக்ஸ் 2007-இலும் 2016-இலும் அச்சோதனையில் ஒரு பக்கச் சக்கரங்களைத் தூக்கியது. பின்னர்த் தயாரிப்பாளர் திருத்தம் செய்தனர். பொறியாளர் கூட்டமே அமர்ந்து சரிசெய்ய வேண்டியிருந்த ஒன்றை, பட்டறையில் ஒரு பிற்பகல் வேலையாகக் கலைத்துவிடுகிறோம்.

மூன்றாவது ஒளி. தணித்த முன்விளக்கின் கதிர் தரையை நோக்கிச் சற்றே சரிந்திருக்க வேண்டும். 10 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர், அஃதாவது நூற்றுக்கு ஒன்று, என்று அச்சரிவைக் கொள்வோம். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 3 மீட்டர் உள்ள பிக்கப்பின் முன்புறத்தை மட்டும் 5 சென்டிமீட்டர் உயர்த்தினால், வண்டியின் சாய்வு நூற்றுக்கு 1.67 மாறுகிறது. கீழ்நோக்கிய கதிர் இப்போது மேல்நோக்கிப் பாய்கிறது! 30 மீட்டர் தொலைவில் அது விளக்கின் உயரத்தைவிட 20 சென்டிமீட்டர் மேலே செல்லும். எதிரே வரும் கார் ஓட்டுநரின் கண் அந்த உயரத்தில்தான் இருக்கிறது. இரவில் இரண்டாம் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் திரும்பும் தொழிலாளியின் நிலையை எண்ணுங்கள். நம் நாட்டுச் சாலைச் சாவுகளில் 60 விழுக்காட்டுக்கு மேல் மோட்டார் சைக்கிளில் செல்வோருடையவை. ஏழையின் கண்ணைக் கூசச் செய்துகொண்டு நாம் எந்த வெளிச்சத்தைத் தேடுகிறோம்?

நான்காவதாக, பலரும் அறியாத நிறுத்துவிசைச் சிக்கல். பின்புறம் பட்டை ஸ்பிரிங் உடைய பல பிக்கப்புகளில், பின்னச்சுக்கும் வண்டியின் சட்டத்துக்கும் இடையே ஒரு சிறு கம்பி தொடுக்கப்பட்டு ஒரு வால்வை இயக்கும். சுமை ஏறினால் சட்டம் தாழும், இடைவெளி குறையும், பின் பிரேக்கிற்கு அழுத்தம் கூடும். சுமை இல்லாதபோது இடைவெளி மிகும். பின்சக்கரம் பூட்டிக்கொள்ளாதபடி அழுத்தம் குறையும். வண்டியை உயர்த்திவிட்டுக் கம்பியைச் சரிசெய்யாமல் விட்டால், ஒரு டன் சுமை ஏற்றினாலும் அந்த வால்வு 'வண்டி காலி' என்றே கருதும். பின் பிரேக்கு தளர்ந்துபோகும். புதிய வண்டிகளில் இவ்வேலையை மின்னணுக் கருவி செய்கிறது. பழைய வண்டிகளில், அஃதாவது நம் எளிய மக்கள் இரண்டாங்கையாக வாங்கும் வண்டிகளில், அந்தக் கம்பிதான் கடவுள்.

மறுப்புகளும் விடைகளும்

உயர்த்துவோர் கூறும் சமாதானங்களில் வலிமையானது வெள்ளத்தைப் பற்றியது. 2021 டிசம்பர் 18-ஆம் நாளையொட்டிச் சிலாங்கூரை மூழ்கடித்த வெள்ளத்தை யார் மறப்பார்? ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைமேல் ஏறி நின்றனர். டெங்கில் வட்டாரமும் நீரில் தத்தளித்தது. அந்நாளில் உயர்ந்த நான்குசக்கர வண்டிகளில் உணவும் படகும் ஏற்றிச் சென்று உயிர் காத்த தன்னார்வலர்களைக் கைகூப்பி வணங்குகிறேன். அவர்களுடைய தொண்டைக் குறைத்துப் பேசுபவன் நன்றி கெட்டவன்.

எனினும், அத்தொண்டின் பெயரைச் சொல்லி எல்லாரும் உயர்த்திக்கொள்வது தகாது. ஸ்பிரிங்கை உயர்த்தினால் வண்டியின் உடல் உயரும். காற்றை உறிஞ்சும் வாய் உயரும். அந்த அளவுக்கு நன்மை உண்டு. ஆனால் பெரும்பாலான பிக்கப்புகளில் பின்னச்சும், அதன் நடுவே உருண்டையாகத் தொங்கும் பல்சக்கரப் பெட்டியும் சக்கரத்தோடு இணைந்தவை. ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் அவை ஒரு நூலளவும் மேலேறா. பெரிய டயர் மாட்டினால்தான் அவை உயரும். பாறையிலும் சேற்றிலும் முதலில் தட்டுவது அந்த உருண்டையே. உயர்த்தியவர் வாங்கிய உயரத்தில் பாதி கண்ணுக்கு மட்டுமே உரியது. இன்னொன்றும் உண்டு. ஓடும் நீர் ஓரடி ஆழமிருந்தால் பெரும்பாலான கார்களையும், இரண்டடி ஆழமிருந்தால் பிக்கப் உட்படப் பெரும்பாலான வாகனங்களையும் அடித்துச் செல்லும் என்று அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை எச்சரிக்கிறது. உயர்ந்த வண்டியில் இருக்கிறோம் என்னும் துணிவுதான் பலரை அந்த இரண்டடிக்குள் இறக்குகிறது. மீட்புப் பணிக்கென்று ஓர் ஊருக்குச் சில வண்டிகள், பயிற்சி பெற்றவர் கையில் இருக்கட்டும். ஆண்டில் ஒருநாள் வரக்கூடிய வெள்ளத்தைச் சொல்லி, ஏனைய நாளெல்லாம் பள்ளி வாசலில் அந்த உயரத்தைக் கொண்டுவந்து நிறுத்தவேண்டா.

இரண்டாவது சமாதானம் தோட்ட வேலை. இதைச் சொல்பவரை நான் ஒன்று கேட்கிறேன்: செம்பனைக் குலையை ஏற்றுவது யார்? நீங்களா, உங்களிடம் கூலிக்கு நிற்கும் தொழிலாளியா? பிக்கப்பின் தட்டை நான்கு அங்குலம் உயர்த்தினால், 20 கிலோ எடையுள்ள ஒவ்வொரு குலையையும் அவர் நான்கு அங்குலம் கூடுதலாகத் தூக்க வேண்டும். ஒரு டன்னுக்கு ஐம்பது குலை. நான்கு அங்குலம் ஐம்பது முறை என்றால் ஐந்து மீட்டர். நம் அழகுக்காக, ஒரு மனிதரின் தோளில் நாள்தோறும் ஐந்து மீட்டர் ஏற்றம் ஏற்றுகிறோம். மேலும், சரக்கேற்றும் வண்டி என்பதனாலேதான் நம் நாட்டில் பிக்கப்புக்குக் கார்களைவிட வரிச்சுமை குறைவு. சலுகையைச் சுமையின் பெயரால் பெற்றுக்கொண்டு, சுமை ஏற்றவே முடியாதபடி அதை உயர்த்துவது முறையா?

மூன்றாவது, "என் வண்டி, என் பணம், உனக்கென்ன?" என்னும் பேச்சு. பணம் உம்முடையதுதானா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். ஒன்பது ஆண்டுத் தவணையில் வாங்கிய வண்டியின் பெரும்பகுதி இன்னும் வங்கியுடையது. அந்தத் தவணையோடு உயர்த்துச் சாமானுக்கும் பெரிய டயருக்கும் வாங்கிய கடனும் சேர்ந்தபின், பிள்ளையின் புத்தகச் செலவுக்குக் கையைப் பிசையும் தந்தையரை ஆசிரியர்களாகிய நாம் அறியோமா? சாலையோ எவருக்கும் தனியுடைமையன்று. 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டமும், 1959-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன அமைப்பு, பயன்பாட்டு விதிகளும் வண்டியின் அமைப்பை மனம்போனபடி மாற்ற இடந்தரவில்லை. அறிவிக்காமல் மாற்றிய வண்டி விபத்துக்குள்ளானால் காப்புறுதி நிறுவனம் கைவிரிக்கவும் கூடும். அப்போது 'என் பணம்' என்றவர் யாரிடம் போய் நிற்பார்?

பிற நாட்டாரும் இதனை வெறும் விருப்பமென்று விட்டுவிடவில்லை. பிக்கப்பின் மூக்கை வானத்துக்கும் வாலைத் தரைக்குமாக ஆக்கும் கோலம் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பரவியபோது, வட கரோலினா 2021-லும், வர்ஜீனியா 2022-லும், தென் கரோலினா 2023-லும் அதனைச் சட்டத்தால் தடுத்தன. தனிமனித உரிமையை உரக்கப் பேசும் நாட்டிலேயே இந்நிலை.

வெட்கம் யாருக்கு?

இவற்றையெல்லாம் பெற்றோர் ஒருவரிடம் ஒருநாள் எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "ஐயா சொல்றது எல்லாம் சரிதான். ஆனா இறக்கிட்டேன்னா கூட்டாளிங்க சிரிப்பாங்களே ஐயா" என்றார். அவரை நான் குறை கூறவில்லை. அந்த ஒரு சொல்லில் நம் சமுதாயத்தின் நெடுநாள் காயம் ஒன்று ஒளிந்திருக்கிறது. தோட்டத்துத் துரையின் முன் தலைநிமிர அஞ்சிய தாத்தா. வீடும் நிலமும் தன்னுடையதல்ல என்று அறிந்து வெளியேறிய தந்தை. அவர்கள் வழியில் வந்த மகன், தன் கையால் ஈட்டிய ஒரே பெரும்பொருளாகிய வண்டியைச் சற்றே உயர்த்தி, 'நானும் இருக்கிறேன்' என்று ஊருக்குச் சொல்ல விழைகிறான். அந்த ஏக்கத்தை எள்ளி நகையாட எனக்கு மனம் வராது.

ஆனால் அந்த ஏக்கத்தை முதலாக்கிப் பிழைக்கும் வணிகத்தை நான் கடுமையாகச் சாடுகிறேன். உயர்த்துச் சாமானை விற்பவர், 'ஆண்மை' என்றும் 'கம்பீரம்' என்றும் விளம்பரம் செய்கிறாரேயன்றி, கவிழும் கணக்கைச் சொல்கிறாரா? விளக்கைத் தாழ்த்தித் தருகிறாரா? பின்னச்சு வால்வின் கம்பியைப் பற்றி வாய் திறக்கிறாரா? தாழ்த்தப்பட்டவனுக்கு உயரத்தை விற்பது எளிது. அந்த உயரத்துக்கு விலை கொடுப்பவன் சாலையோரம் நடக்கும் இன்னொரு தாழ்த்தப்பட்டவனின் பிள்ளை. துரையின் வண்டி வரும்போது ஓரம் ஒதுங்கி நின்ற நம் பாட்டியரின் நினைவு நமக்கு இருக்குமானால், இன்னொருவர் ஒதுங்கி நிற்கும்படி வண்டி ஓட்ட நம் கால் கூசவேண்டும். எனவே, வெட்கம் இறக்குபவருக்கு உரியதன்று.

கழற்றுவதிலும் ஒழுங்கு வேண்டும்

இறக்குவது என்று முடிவு செய்தவருக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. அரைகுறையாக இறக்கிய வண்டி, உயர்ந்த வண்டியைவிடக் கொடியது. ஸ்பிரிங்கின் சுருளை அறுத்து உயரத்தைக் குறைப்பது கொலைக்குச் சமமான வேலை. அதைச் செய்யும் பட்டறையை விட்டு உடனே வெளியேறுங்கள். தொழிற்சாலையில் பூட்டி வந்த ஸ்பிரிங்கும் அதிர்வுதாங்கியும், பழையன நல்ல நிலையில் கிடைத்தால் அவை, இல்லையேல் அதே அளவுள்ள புதியன, மீண்டும் பூட்டப்பட வேண்டும். உயரத்துக்கென வாங்கிய நீண்ட அதிர்வுதாங்கியை அப்படியே விட்டால், பள்ளத்தில் இறங்கும்போது அது முழுதும் அமுங்கி முட்டி உடையும். அழுத்திக் கட்டிய சுருள் ஸ்பிரிங் பாய்ந்தால் ஆளைக் கொல்லும். உரிய கருவியும் பழகிய கையும் இன்றி வீட்டு வாசலில் இவ்வேலையைத் தொடவே கூடாது.

பின்புறத்தில், பட்டை ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவே செருகிய கட்டையை எடுத்ததும், அதற்காக மாட்டிய நீண்ட 'யூ' போல்ட்டுகளையும் எறிந்துவிட வேண்டும். ஒருமுறை முறுக்கி இழுபட்ட போல்ட்டு மறுமுறை அதே பிடிப்பைத் தருமென நம்ப இயலாது. சரியான நீளமுள்ள புதியவற்றை மாட்டி, குறித்த விசைக்கு முறுக்கி, சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் சோதிக்க வேண்டும். ரப்பர் உறைகளின் போல்ட்டுகளை, வண்டி தன் சக்கரங்களின்மேல் எடையோடு நிற்கும்போதே இறுதியாக முறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் முறுக்கினால் அவை முறுகிக் கிழியும். முன் பல்சக்கரப் பெட்டியைத் தாழ்த்த வைத்த துண்டுகள், நீட்டிய பிரேக்குக் குழாய்கள், உயர்த்திய முட்டுக் கட்டைகள் எல்லாமே உரிய அளவுக்குத் திரும்பவேண்டும்.

முன்பு சொன்ன வால்வுக் கம்பியை இங்கே மறந்தால் கதை தலைகீழாகும். உயரத்துக்கேற்பக் கம்பியை மாற்றி வைத்திருந்தவர், வண்டியைத் தாழ்த்தியபின் அதை மீட்காவிட்டால், காலி வண்டியையும் வால்வு 'சுமை வண்டி' என்று கருதும். பின் பிரேக்கு மிகைப்பட, மழைச்சாலையில் பின்சக்கரம் பூட்டி வண்டி சுழலும். இறுதியாகச் சக்கரங்களின் கோணத்தை அளந்து நேர்செய்து, முன்விளக்கைச் சுவரில் அடித்துப் பார்த்துத் தாழ்த்தி, புதிய வண்டியாயின் திசைத்திருப்பி உணர்கருவியையும் முன் படக்கருவியையும் மீண்டும் பழக்கிவிட வேண்டும். பெரிய டயரை மாற்றினால் வேகமானி உண்மை பேசும். உயர்த்தியதை முன்பே இலாகாவில் பதிந்திருந்தால், இறக்கியதையும் பதிவில் திருத்திக்கொள்வதே முறை.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும்

ஆசிரிய நண்பர்களே! பள்ளி வாசலில் 'மெதுவாகச் செல்க' என்று பலகை எழுதி வைத்தோம். நம் கடமை அதோடு முடிந்துவிடவில்லை. ஒத்த முக்கோணத்தைக் கரும்பலகையில் வெறும் கோடுகளாக வரைந்து காட்டுகிறோம். ஒரு சனிக்கிழமை, நிறுத்திய பிக்கப் ஒன்றின் முன்னே அளவு நாடாவோடு மாணவர்களை நிறுத்துங்கள். ஓட்டுநர் இருக்கையில் ஒருவன் அமரட்டும். இன்னொருவன் நாற்காலி ஒன்றைப் பின்னால் நகர்த்திக்கொண்டே போகட்டும். அது எந்த இடத்தில் கண்ணுக்குத் தெரிகிறது என்பதை அவர்களே அளந்து எழுதட்டும். அன்று கற்ற கணக்கை அவர்கள் சாகும்வரை மறவார். அந்தக் கணக்கை வீட்டுக்கும் கொண்டுபோவார்கள். தலைமையாசிரியன் சொல்லைத் தட்டும் தந்தை, மகள் அளந்து வந்த இரண்டரை மீட்டரைத் தட்டமாட்டார். பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் முன்வரவேண்டும். உயர்த்திய வண்டியைப் பள்ளி வளாகத்துக்குள் கொண்டுவரலாகாது என்று தீர்மானம் இயற்றுவதற்கு அரசாணை தேவையில்லை, மனத்துணிவு போதும்.

மாணவர்களே! நாளை நீங்களும் வண்டி வாங்குவீர்கள். வாங்குங்கள், உழைத்து வாங்குங்கள். அதைச் செய்த பொறியாளர் அதன் உயரத்தை ஏன் அவ்வாறு வைத்தார் என்று கேட்டறியுங்கள். மாற்ற நினைத்தால், அம்மாற்றத்தின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். உங்களுக்கு மதிப்பு வேண்டுமாயின், அந்த வண்டியின் தட்டில் எதை ஏற்றுகிறீர்கள், யாருக்காக ஏற்றுகிறீர்கள் என்பதில் தேடுங்கள். வெள்ளத்தில் அரிசி மூட்டை சுமந்த வண்டியை ஊர் நினைவில் வைத்திருக்கிறது. அது எத்தனை அங்குலம் உயர்ந்திருந்தது என்பதை எவரும் நினைவில் வைக்கவில்லை.

இப்போதே உயர்த்தி வைத்திருக்கும் அன்பர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. அடுத்த பள்ளித் தவணை தொடங்குமுன், நல்லதொரு பட்டறையில் வண்டியை விட்டு, பூட்டியவற்றை முறையாகக் கழற்றச் சொல்லுங்கள். கட்டைகள் கழன்று வண்டி தாழ்ந்து நிற்கும் அந்நாளில், ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து முன்னே நோக்குங்கள். முன்பு உங்கள் பார்வைக்கு மறைந்திருந்த சாண் நிலம் ஒன்று அங்கே தென்படும். அந்தச் சாண் நிலம் நம் பிள்ளைகள் நடக்கும் இடம். அதை அவர்களிடம் திருப்பிக் கொடுங்கள்.